மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்: லாரிப் புகையும் புகைச் சான்றும்

ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கின்றன. புகைச் சான்றும் காலாவதி ஆகவில்லை. ஆனால் அந்த லாரி மேட்டில் ஏறும்போது, பின்னால் இருசக்கர வாகனத்தில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு வருபவர் மூச்சை அடக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சான்று 'தேர்ச்சி' என்கிறது. புகை அதை மறுக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்? இந்தக் கேள்வி போக்குவரத்துத் துறைக்கு மட்டும் உரியதல்ல. லாரித் தொழிலிலும், பட்டறைகளிலும், உதிரிபாகக் கடைகளிலும் பிழைப்பு நடத்தும் நம் குடும்பங்களுக்கும் உரியது.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது தினசரிக் காட்சி. வேலூரிலிருந்து போளூர் வழியாக விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையும், கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாகத் திண்டிவனம், புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையும் இந்த ஊரில்தான் சந்திக்கின்றன. நெல், மணிலா, ஜல்லி, செங்கல், சிமெண்ட் என்று எல்லாச் சரக்கும் இவ்வழியே போகிறது. அதே ஊரில், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலில் நடக்கும் மக்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். கிரிவலப் பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலையிலேயே அமைந்திருக்கிறது. பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தின்போதும் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்ற நாட்களில் நடப்பவரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், சாலையோரம் பூவும் பழமும் விற்பவர்களும், கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். புகைக்கு மதம் தெரியாது.

டீசல் எஞ்சினின் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன் மாதமே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே முதல் வகையில் டீசல் புகையும் சேர்க்கப்பட்டது. ஆகவே இது கண் எரிச்சலோடும் இருமலோடும் முடியும் விவகாரம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியைத் தயாரித்த நிறுவனம் எந்த அமைப்பில் கொடுத்ததோ, அதிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை மேலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டபோது, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்க்கப்பட்டது. காற்று மாசு, ஒலி மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் பறிபோகலாம்.

ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பதும், பல சுரங்களில் அலறும் ஹாரன் கூடாது என்பதும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கின்றன. அதே விதிகளின்படி, பதிவு செய்த ஓராண்டுக்குப் பிறகு எல்லா வண்டிகளுக்கும் புகைச் சான்று கட்டாயம். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிகளுக்கு அது ஓராண்டு செல்லும். அதற்கும் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம்.

புகைச் சான்று இல்லாவிட்டால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் உத்தரவிட்டிருந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், அந்த நிபந்தனையை நீதிமன்றமே நீக்கியது. காரணம் கவனிக்கத்தக்கது. நிபந்தனையைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓடும் வண்டிகள் பெருகும். அவற்றில் அடிபடும் ஏழைக்கு இழப்பீடு கிடைக்காமல் போகும். இரண்டு தீங்குகள் எதிரெதிரே நிற்கும்போது பெரியதைத் தடுக்கச் சிறியதைப் பொறுத்துக்கொள்வது என்பது நம் ஃபிக்ஹ் கலையிலும் அறியப்பட்ட விதிதான். அந்த வகையில் தீர்ப்பின் நியாயம் புரிகிறது. ஆனால் அதன் விளைவாக, வண்டி உரிமையாளரைப் புகைச் சோதனைக்குத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பிடி தளர்ந்துவிட்டது. இனி எல்லாம் சாலைச் சோதனையையும், அதைவிட மேலாக, உரிமையாளரின் மனசாட்சியையும் நம்பியே இருக்கிறது.

பட்டறையில் நடப்பது என்ன?

மாற்றங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, பழைய லாரிகளில் செய்யப்படுவது. அதிகப் பாரம் இழுக்க வேண்டும் என்பதற்காக டீசல் பம்பின் அமைப்பைத் திருகி, எஞ்சினுக்குள் அளவுக்கு மீறி டீசலைச் செலுத்துகிறார்கள். முழுதாக எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. புகைச் சோதனைக்குப் போகும் முன் அதைக் குறைத்து வைத்து, சோதனை முடிந்ததும் திரும்பவும் கூட்டிவிடும் தந்திரமும் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது, சைலன்சரின் உள்பாகத்தை எடுத்துவிட்டு நேர்க்குழாயை வெல்டிங் வைப்பது. இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் செய்வதும் இதுதான். ஷபே பராஅத், லைலத்துல் கத்ர் போன்ற சிறப்புமிக்க இரவுகளில்கூட இப்படிப்பட்ட வண்டிகளில் சத்தம் எழுப்பித் திரியும் நம் பிள்ளைகளைக் காவல்துறை எச்சரிக்க வேண்டிய நிலை இருக்கிறது. இபாதத்துக்குரிய இரவில் நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதில் என்ன நன்மை இருக்கிறது?

மூன்றாவதுதான் புதியது, கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே ஆபத்து கூடியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 வண்டிகள் மட்டுமே விற்கப்படுகின்றன. இந்த லாரிகளின் புகைப்பாதையில் இரண்டு முக்கியச் சாதனங்கள் உண்டு. ஒன்று, கரித்துகளைப் பிடித்து வைத்து எரித்துவிடும் வடிகட்டி. மற்றொன்று, ஓட்டுநர்கள் 'ஆட் ப்ளூ' என்றும் 'யூரியா' என்றும் சொல்லும் திரவத்தைக் கொண்டு வேலை செய்யும் சாதனம். 32.5 சதவீதம் தூய யூரியா கலந்த அந்த நீர் சூடான புகையில் தெளிக்கப்படும்போது, நச்சுத்தன்மையுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடுகின்றன. கனரக வண்டிகளுக்கு பி.எஸ்.-4 காலத்தில் ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதி இருந்தது. பி.எஸ்.-6 விதியில் அது அரை கிராமுக்கும் கீழே இறங்கியது. இவ்வளவு பெரிய குறைப்பு இந்தச் சாதனம் ஒழுங்காக இயங்குவதால்தான் சாத்தியமாகிறது.

திரவம் தீர்ந்துபோனால் எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும்படி நிறுவனம் வண்டியை அமைத்திருக்கிறது. இதைத் தவிர்க்க, 'எமுலேட்டர்' என்ற சிறு மின்னணுப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். "தொட்டி நிறைந்திருக்கிறது, எல்லாம் சரியாக இயங்குகிறது" என்று அது எஞ்சினின் கணினிக்குப் பொய்த் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலர் மென்பொருளையே மாற்றி, வடிகட்டியையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் சாலையோரச் சோதனைகளில் இத்தகைய பெட்டிகள் பிடிபட்டுள்ளன. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் கழற்றப்பட்டுவிட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது.

திரவத்திலும் ஒரு மோசடி நுழைந்திருக்கிறது. விவசாயிக்காக மானிய விலையில் வழங்கப்படும் உர யூரியாவை எடுத்துக் கரைத்து விற்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். வேம்பு பூசப்பட்ட உர யூரியா அந்தச் சாதனத்தையும் பாழாக்கும். செங்கத்திலும் கலசப்பாக்கத்திலும் நெல் நடும் விவசாயிக்குச் சேர வேண்டிய மானியம் லாரியின் தொட்டிக்குள் போகிறது என்றால், ஒரே செயலில் எத்தனை பேரின் உரிமை பறிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சோதனை எதைப் பார்க்கிறது? எதைப் பார்ப்பதில்லை?

டீசல் வண்டிக்கு நம் நாட்டில் நடக்கும் புகைச் சோதனை எளிமையானது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைச் சில முறை முழுதாக மிதிக்கிறார்கள். வெளியேறும் புகைக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி தடைபடுகிறது என்று கருவி அளக்கிறது. பி.எஸ்.-4-க்கு முந்தைய வண்டிகளுக்கு வரம்பு 2.45, பி.எஸ்.-4 வண்டிகளுக்கு 1.62, பி.எஸ்.-6 வண்டிகளுக்கு 0.7. இது புகையின் கருமையை அளக்கும் சோதனை, அவ்வளவுதான்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் சாலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைச் சுருக்குபவை அவை. காற்றில் கலந்து நுண்துகளாகவும் ஓசோனாகவும் மாறுபவையும் அவையே. அவற்றை இந்தச் சோதனை அளப்பதில்லை. எனவே யூரியா சாதனத்தை முடக்கிய ஒரு புதிய லாரி, கரும்புகை விடாமல் நின்று, முறைப்படியே சான்று வாங்கிக்கொண்டு போய்விட முடியும். யாரும் லஞ்சம் வாங்கவில்லை, கருவியும் பழுதில்லை. ஆனாலும் சான்று சொல்வது முழு உண்மையில்லை.

முறைப்படி நடக்காத சோதனைகளின் கதை வேறு. 2025 ஏப்ரலில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. 2015 ஆகஸ்டுக்கும் 2020 ஆகஸ்டுக்கும் இடையில், வரம்பை மீறி மாசு வெளியிட்ட 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் 'தேர்ச்சி' என்று சான்று தரப்பட்டிருந்தது. 4,007 டீசல் வண்டிகளின் அளவீடு வரம்பைத் தாண்டியதாகப் பதிவாகியிருந்தும் சான்று போய்ச் சேர்ந்திருந்தது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகக் காட்டும் பதிவுகளும் இருந்தன. நாட்டின் தலைநகரில், உச்ச நீதிமன்றத்தின் நேரடிக் கண்காணிப்புக்கு நடுவே நிலைமை இதுவென்றால், மாவட்டத் தலைநகர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழகப் போக்குவரத்துத் துறை 2024-ல் சோதனை மையங்களுக்குச் செயலி வழியான முறையைக் கொண்டுவந்தது. மையத்துக்கு நேரில் வந்த வண்டியைப் படமும் காணொளியும் எடுத்துப் பதிவேற்ற வேண்டும் என்ற ஏற்பாடு, வண்டி வராமலே சான்று அடிக்கும் வழக்கத்துக்குத் தடை போடும். வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் வந்து நிற்கும் வண்டியின் குழாய்க்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைக் காணொளி காட்டாது.

பெரியவர்கள் செய்தால்?

சிறு பட்டறைக்காரரையும் லாரி ஓட்டுநரையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. உலகிலேயே மிகப் பெரிய புகை மோசடியைச் செய்தது ஒரு பட்டறை அல்ல. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம். வண்டி சோதனைக் கூடத்தில் இருக்கிறதா, சாலையில் இருக்கிறதா என்று கண்டுபிடித்து, சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைப் பொருத்தியிருந்ததாக 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவிலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மீதான கடும் நடவடிக்கையை நிறுத்திவைத்தது.

எஞ்சின் தயாரிப்பில் பெயர்பெற்ற கம்மின்ஸ் நிறுவனமும் இதே போன்ற குற்றச்சாட்டைச் சந்தித்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, அமெரிக்காவில் 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த அது உடன்பட்டது. 2024 ஜனவரியில் வெளியான அந்தச் சமரசத்தின் தொகை, அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட எல்லாவற்றையும் விடப் பெரியது.

இந்த உதாரணங்களை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். "அவ்வளவு பெரிய கம்பெனியே செய்யும்போது நாம் செய்தால் என்ன?" என்று கேட்கலாம், இது ஷைத்தான் கற்றுத்தரும் தர்க்கம். அல்லது, "பணபலமும் அறிவுபலமும் உள்ளவர்களிடத்திலும் சட்டம் மட்டும் போதவில்லை" என்ற பாடத்தைப் பெறலாம். சோதனைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வு இல்லாத இடத்தில், சோதனைகள் கூடக்கூட ஏமாற்றும் கலையும் கூடுகிறது.

ஒரு வண்டிக்காரரின் நெருக்கடி

ஒரே ஒரு லாரியை ஃபைனான்ஸில் எடுத்து ஓட்டும் மனிதரின் கணக்கையும் பார்க்க வேண்டும். மாதத் தவணை, டயர், டோல், டீசல், இன்சூரன்ஸ், கிளீனர் சம்பளம், வழியில் கை நீட்டுபவர்களின் 'மாமூல்' எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது குறைவு. வாடகையை நிர்ணயிப்பது அவரல்ல; சரக்கு ஏற்றுபவரும் புரோக்கருமே. நூறு லிட்டர் டீசலுக்குச் சுமார் ஐந்து லிட்டர் யூரியா திரவம் வேண்டும். சென்சார் பழுதானால் கம்பெனி சர்வீஸில் பெரும் செலவு. வண்டி நிற்கும் நாளெல்லாம் நஷ்டம். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் வடிகட்டி அடைத்துக்கொள்வதும் உண்மையான தொல்லை. இந்த நேரத்தில், "ஒரு தடவை செலவு பண்ணுங்க பாய், அப்புறம் தலைவலியே இல்லை" என்று பட்டறையில் ஒருவர் சொன்னால் மனம் சாயத்தான் செய்யும்.

ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் வரும் மஸ்அலாக்களில் இதுவும் ஒன்று: "ஹஜ்ரத், எல்லோரும் செய்கிறார்கள். நான் மட்டும் செய்யாவிட்டால் தொழிலில் நிற்க முடியாது. கூடுமா?" கேட்பவர்கள் திருடர்கள் அல்லர். கூடாது என்று உள்மனம் சொல்வதால்தான் கேட்கவே வருகிறார்கள்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது நடந்ததை நாம் அறிவோம். மேலே தானியம் காய்ந்திருந்தது. அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ள இந்த நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. விற்பவர் உள்ளே இருப்பதை மறைக்கக் கூடாது என்பது ஒன்று. சோதிப்பவர் மேலோட்டமாகப் பார்க்காமல் உள்ளே கையை விட வேண்டும் என்பது மற்றொன்று. இன்றைய புகைச் சோதனையின் கோளாறு இந்த இரண்டாவது பாடத்தில் இருக்கிறது. பட்டறை மாற்றங்களின் கோளாறு முதல் பாடத்தில் இருக்கிறது.

புகைச் சான்று என்பது என்ன? இந்த வண்டியை நான் சோதித்தேன், இது வரம்புக்குள் இருக்கிறது என்று ஒருவர் பொதுமக்கள் முன் அளிக்கும் சாட்சியம். பெரும்பாவங்களை எடுத்துச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். நீதிமன்றப் படியேறிச் சொல்வது மட்டும்தான் சாட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சிட்ட காகிதமும் சாட்சியமே.

புகை விவகாரம் நம் ஃபுகஹாக்களுக்குப் புதிதும் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் பகுதியில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, கடைவீதிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் எனும் அதிகாரிக்காக ஒரு கையேடு எழுதினார். தராசையும் படிக்கற்களையும் சோதிப்பதோடு, ரொட்டிக் கடைகளின் கூரை உயரமாகவும் புகைபோக்கி அகலமாகவும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் கட்டடக் கொத்தனாராக இருந்த இப்னுர் ராமீ, அண்டை வீட்டாருக்குப் புகையாலும் துர்நாற்றத்தாலும் அதிர்வாலும் ஏற்படும் தீங்குகளைத் தனித்தனியாக ஆராய்ந்து நூல் எழுதினார். நம் வட ஆற்காடு வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' சட்டத்தில், புகையாலும் நாற்றத்தாலும் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாமல் செய்யும் அடுப்பு, எண்ணெய் ஆலை ஆகியவை அகற்றப்பட வேண்டிய கடும் தீங்குக்கு உதாரணமாகவே கூறப்படுகின்றன. ஒரே இடத்தில் நிற்கும் அடுப்புக்கே இந்தச் சட்டம். ஊர் ஊராகப் புகையைச் சுமந்து செல்லும் வண்டிக்கு?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். பச்சைப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவை ஹலாலான உணவுகள். ஆனாலும் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு இவ்வளவு மதிப்பளித்த மார்க்கம், பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலுக்கு எவ்வளவு மதிப்பளிக்கும்?

இனி, அந்த மஸ்அலாவுக்கு வருவோம். சரக்கு ஏற்றிச் செல்வது ஹலாலான தொழில். மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தை முடக்கியவரின் வாடகை வருமானம் முழுவதும் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முடக்கும் செயல் பாவம். அதுவும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் மட்டும் உள்ள பாவம் அல்ல, ஹக்குல் இபாத் எனும் மனிதர்களின் உரிமையோடு சேர்ந்த பாவம். இத்தகைய பாவத்துக்குத் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் மன்னிப்பும் பெற வேண்டும். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேரின் மூச்சில் கலந்துவிட்ட புகைக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? இதுவே இந்தப் பாவத்தின் கடுமை. முடக்கித் தருவதற்கென்று பட்டறைக்காரர் வாங்கும் கூலி பாவத்துக்கு உதவியதற்கான கூலி. அதில் பரக்கத் இராது. சோதிக்காமல் சான்று கொடுத்தவர் வாங்கும் கட்டணம், செய்யாத வேலைக்கு வாங்கிய கூலி, அது ஹலாலாகாது. பர்மிட்டும் உரிமமும் வாங்கும்போது நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக நாம் கையெழுத்திட்டிருக்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

எல்லோரும் செய்கிறார்கள் என்பது எடை குறைத்தவர்களும் சொன்ன காரணம்தான். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே இறங்கியது. முன்னால் போகும் வண்டியின் புகையில் இருமும்போது கோபப்பட்டு, நம் வண்டியின் புகை பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பதும் அதே குணத்தின் இன்னொரு வடிவம்.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது முதலில். கருமையை மட்டும் அளக்கும் சோதனை பி.எஸ்.-6 காலத்துக்குப் போதாது. நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்துகள்களின் எண்ணிக்கையையும் அளக்கும் கருவிகள் உலகில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஓடும் வண்டியின் புகையைச் சாலையோரத்திலிருந்தே அளக்கும் கருவி கொல்கத்தாவில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. எஃப்.சி.க்கு வரும் லாரியில் வடிகட்டியும் யூரியா சாதனமும் உள்ளனவா, எஞ்சின் கணினியில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்ப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆய்வாளரும், கணினியோடு இணைக்கும் கருவியும், நேர்மையும் போதும். எமுலேட்டரை வாங்கிய வண்டிக்காரரைப் பிடிப்பதோடு நிறுத்தாமல், அதை இறக்குமதி செய்து விற்பவர் வரை போக வேண்டும். சென்சாரையும் வடிகட்டியையும் கட்டுப்படியாகும் விலையில் தர நிறுவனங்களை வற்புறுத்தவும் வேண்டும். சட்டத்தைக் கடைப்பிடிப்பது மீறுவதைவிடப் பலமடங்கு செலவானதாக இருக்கும்வரை மீறல் நிற்காது.

திருவண்ணாமலையைப் பொறுத்தவரை, கிரிவல நாட்களில் மட்டும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போதாது. இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊரில், ஊருக்கு வெளியிலேயே லாரிகளுக்கான புகைச் சோதனையைத் திடீர்ச் சோதனையாக நடத்தலாம். முன்கூட்டியே தெரிந்த சோதனைக்கு வண்டியைத் தயார் செய்ய முடியும். தெரியாத சோதனைக்கு முடியாது.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியதும் உண்டு. நம் மஹல்லாக்களில் மெக்கானிக்குகளும் லாரி உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் உட்கார வைத்து, பி.எஸ்.-6 சாதனங்களை முறையாகப் பராமரிக்கும் பயிற்சியை நிறுவனப் பொறியாளர்களைக் கொண்டு கொடுக்கலாம். வெட்டி எடுப்பதை மட்டுமே அறிந்த பட்டறைக்குப் பதிலாக, பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்த பட்டறை எழுந்தால் அதுவே நம் இளைஞர்களுக்கு எதிர்காலத் தொழில். சென்சார் செலவால் தடுமாறும் ஒற்றை லாரிக்காரருக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தால், அவரை ஒரு பாவத்திலிருந்தும் ஊரை ஒரு தீங்கிலிருந்தும் காத்த நன்மை கிடைக்கும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்று பயான் செய்யும் நாம், பாதையில் மிதக்கும் நஞ்சை அகற்றுவதையும் அந்தக் கிளையில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். மகன் மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றிக் கேட்டால் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கனவே மாற்றியிருந்தால், பழையதைத் திரும்பப் பொருத்தும்வரை சாவியை வாங்கி வையுங்கள். சிறு வயதில் சத்தத்தோடு தொடங்கும் அலட்சியம்தான், பெரியவனானதும் "பேப்பர் சரியாக இருந்தால் போதும்" என்ற மனநிலையாக முதிர்கிறது.

வெறுங்காலோடு மலையைச் சுற்றும் சகோதர சமயத்தவரும் நம் அண்டை வீட்டாரே. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற கட்டளையில் அவர் எந்த மதத்தவர் என்ற கேள்வி இல்லை. ஒரு முஸ்லிமின் லாரி போகிறது என்றால் பின்னால் வருபவர் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை என்ற பெயரை இந்த ஊரில் எடுத்துவிட்டால், மேடை போட்டு நல்லிணக்கம் பேசுவதைவிட அது அதிகம் பேசும்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும், நம் சாட்சியத்தை உண்மையாகவும், நம்மால் பிறருக்குத் தீங்கு இல்லாததாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.